காத்து எப்படி, அடிமையே

ஒரு வேலை நடந்துக்கிட்டிருக்கும்போது முக்கியமான ஆள் இல்லாமப் போயிட்டா, முதல்ல மத்தவங்க வயித்தைப் பாக்கணும் சார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. அழுது ஓஞ்சவங்களுக்குப் பசி தெரியாது. ஆனா வயிறு காஞ்ச ஆள்கிட்ட எதைச் சொன்னாலும் ஏறாது. அதனால அன்னிக்கு எங்க குழுவுல இருக்கற லாமிசியைக் களி கிண்டச் சொன்னேன். "யாருக்கு எறங்கும் இப்ப?"ன்னு கேட்டா. "நீ கிண்டு, எறங்கும்"னேன். எறங்குச்சு. எனக்கும் எறங்குச்சு.

டமாலே ஆபீஸ்ல எங்க திட்டத்து மேடம் இதைக் கேட்டு அசந்துபோனாங்க. அப்புறம் மத்தக் குழுத் தலைவருங்களை எல்லாம் வரவழைச்சு, என்னை முன்னாடி நிக்கவெச்சுப் பேசச் சொன்னாங்க. ஒரு நல்ல ஆளைப் பறிகொடுத்தும் மழைக்கு முன்னால எல்லாக் கெணத்தையும் முடிச்சது எங்க குழு ஒண்ணுதான். நான் என்ன செஞ்சேனோ அதைச் சொன்னேன். வேலையைப் பிரிச்சுக் கொடுத்தேன், போனவனோட வேலையை நானே எடுத்துக்கிட்டேன், யாரையும் தனியா உக்காரவிடலை. எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. கை தட்டினாங்க. தட்டி முடிச்சதும் ஒருத்தர் எழுந்து, "செத்துப்போனவர் பேர் என்ன?"ன்னு கேட்டார். பயோர்னு சொன்னேன். எல்லாரும் எழுந்து தலையைக் குனிஞ்சு நின்னாங்க. என் பேரை யாரும் கேக்கலை.

என் பேர் அவுனி. எழுதிக்கோங்க.

நீங்க கடலோரத்துக்காரர்னு பேச்சுலயே தெரியுது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். நாங்க கையால கெணறு தோண்டற குழு. எந்த இடத்துல தோண்டறதுன்னு பாக்கறது, ஊர்த் தலைவர்கிட்டயும் மண்ணுப் பூசாரிகிட்டயும் பேசி எடம் வாங்கறது, சாமான் கேட்டு வாங்கறது, எல்லாம் நான். உள்ளே எறங்கித் தோண்டறது பயோர். மேலே நின்னு உருளையைச் சுத்திக் கயிறு விடறது அனாபோ. சிமெண்டு வளையம் வாக்கறது லாமிசி. எறங்கற ஆள் கயித்துல கட்டின பலகையில உக்காந்து போவான். அடியில போனதும் எறங்கிடுவான், பலகை மேலே வந்துடும்.

பயோர் தகாபா இனம். நான் ஃபிராஃபிரா. உங்க ஊர்ல இதுக்கு அர்த்தம் தெரியாது. இங்கே இந்த ரெண்டு இனத்துக்கும் கேலி உறவு. எப்ப ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. முன்னப்பின்ன தெரியாத தகாபா ஒருத்தன் சந்தையில எதிரே வந்தாலும், "அடே அடிமை, எஜமானைப் பாத்து வணக்கம் சொல்லமாட்டியா?"ன்னு நான் கேக்கலாம். அவன் பதிலுக்கு, "உன்னை உங்கப்பன் ஒரு நாய்த்தலைக்கு எங்கிட்ட வித்துட்டுப் போனான், மறந்துட்டியா?"ன்னு கேப்பான். என்ன வேணா சொல்லலாம். கொல்றேன், புதைக்கிறேன், உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறேன். ஒரே ஒரு சட்டம். கோவம் மட்டும் வரக்கூடாது. மூஞ்சியைத் தூக்கினவன் தோத்தவன்.

நான் ஒரு நாளும் மூஞ்சியைத் தூக்கினதில்லை. அனாபோவைக் கேளுங்க.

பயோரைப் பத்தி நல்லவிதமா சொல்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நல்ல வேலைக்காரன். கெட்டிப் பாறை வந்தாலும் அலுத்துக்க மாட்டான். உள்ளே எறங்கினா விசிலடிச்சுக்கிட்டேதான் தோண்டுவான். அந்த விசில் கெணத்துச் சுவர்ல பட்டு மேலே வரும்போது ஏதோ பெரிய வாத்தியம் மாதிரி இருக்கும். ஊர்ப் பொம்பளைங்க வேலையைப் போட்டுட்டு வந்து கெணத்தைச் சுத்தி உக்காந்துக்குவாங்க. அனாபோகூட உருளையைச் சுத்தும்போது அதையே அடிக்கப் பழகிட்டான். எனக்கு விசிலடிக்க வராது. அது ஒண்ணும் குறையில்லை.

தண்ணி வந்ததும் எங்க பக்கத்துல ஒரு வழக்கம். முதல் சுரைக்குடுவைத் தண்ணியை, அடியில நின்னவன் மேலே வந்ததும் அவன் கையிலதான் கொடுப்பாங்க. உடம்பெல்லாம் சேறோட அவன் நிப்பான், ஊர்ப் பெரிய பொம்பளை ரெண்டு கையாலயும் குடுவையைப் பிடிச்சு நீட்டுவாங்க, மத்தவங்க குலவை போடுவாங்க. அவன் குடிச்சப்புறம்தான் ஊர்த் தலைவரே குடிப்பாரு. நான் குடிக்கும்போது அநேகமா குடத்துல தண்ணி கலங்கியிருக்கும்.

நான் இதைக் குறையாச் சொல்லலை. வழக்கம் வழக்கம்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த எடத்துல தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சது யாரு? வெயில்ல அலைஞ்சு, கறையான் புத்தையும் மரத்தையும் பாத்து, பூசாரி வீட்டு வாசல்ல கோழியோட காத்துக்கெடந்து எடம் வாங்கினது யாரு? ஒரு ஊர்ல பொறந்த புள்ளைக்குப் பயோர்னு பேர் வெச்சாங்க. இன்னொரு ஊர்ல ஒரு அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "நீங்க பயோரோட ஆளுதானே?"ன்னு கேட்டாங்க. பயோர் பக்கத்துலதான் நின்னான். "ஆமாம்மா, என் அடிமைதான். நல்லாச் சமைப்பான்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சேன்னு சொன்னா நம்புங்க, வாய் வலிக்கற அளவுக்குச் சிரிச்சேன்.

மேடம் ஒரு தடவை சொன்னாங்க, ஒரு வேலை ஒரே ஆளை நம்பி நிக்கக்கூடாது, அது பலவீனம்னு. அது என் மனசுல அப்படியே தங்கிடுச்சு. எங்க குழு பயோரை நம்பி நின்னுச்சு. அவனுக்கு ஒரு நாள் காய்ச்சல்னா அனாபோவும் லாமிசியும் வேப்ப மரத்தடியில சோர்ந்து உக்காந்துடுவாங்க. நான் எதிரே நிக்கறேன், தலைவன் நிக்கறேன், அது கண்ணுக்குத் தெரியாது. இது குழுவுக்கு நல்லதில்லைன்னு எனக்குப் பட்டுச்சு. இன்னிக்கும் படுது.

திட்டத்துல கடைசிக் கெணறு எங்க ஊருக்கு. மேடத்துக்கிட்ட நடையா நடந்து எங்க ஊரைச் சேக்கவெச்சவன் நான். என் பொண்டாட்டி அசிபி வறண்ட ஆத்துல மணலைப் பறிச்சுப் பறிச்சு விரல் நகமே இல்லாம இருந்தா. எங்க ஊருக்கு நான் தண்ணி கொண்டுவரணும், அந்த முதல் குடுவையை எங்க ஜனம் பாக்க நான் வாங்கிக் குடிக்கணும். என் வாழ்க்கையில வேற எதுக்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை சார். இது தப்பா?

அதுக்கு முந்தின கெணத்துல வேலை நடக்கும்போது வீட்டுக்குப் போயிருந்தேன். அசிபி மொச்சையை வேகவெச்சு ஷியா வெண்ணெய் போட்டுக் கட்டிக்கொடுத்தா. "இது பயோர் அண்ணனுக்கு, வழியில நீ தின்னுடாதே"ன்னா. அப்புறம் வாசல்ல நின்னு, "ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, பயோர் எப்ப நம்ம ஊருக்குத் தண்ணி கொண்டாரப்போறாருன்னு. என்ன சொல்லட்டும்?"னு கேட்டா.

"சீக்கிரம்னு சொல்லு"ன்னேன்.

மொச்சையை அவன்கிட்ட ஒழுங்காக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை நக்கி நக்கித் தின்னான். "இவ்வளவு நல்ல பொம்பளைக்கு உன்னை மாதிரி ஒரு அடிமையைக் கட்டிவெச்சிருக்காங்களே, பாவம்"னான்.

இப்ப அந்தக் காத்து விஷயத்துக்கு வர்றேன். கெணத்துல தண்ணி ஊற ஆரம்பிச்சாலும் போதாது, இன்னும் கீழே தோண்டணும். அதுக்கு ஊறின தண்ணியை எறைக்கணும். ஆழம் அதிகம்கிறதால மேலே இருந்து பம்பு இழுக்காது. அதனால பெட்ரோல் பம்பையே கயிறு கட்டி உள்ளே எறக்கி, பாதியில பலகை போட்டு உக்காரவெப்போம். அப்படிச் செய்யாதீங்கன்னு மேடம் சொல்வாங்க. எல்லாக் குழுவும் அப்படித்தான் செய்யும். பம்போட புகை உள்ளேயே தங்கிடும். மூக்குக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ஆளைக் கொன்னுடும். அதனால பம்பை நிறுத்தி மேலே எடுத்ததும், பெரிய வேப்பங்கொத்து ஒண்ணைக் கயித்துல கட்டி ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, உள்ளே இருக்கற காத்தை மாத்துவோம். நாங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் மாறி மாறி அதைச் செய்யணும். போதுமா போதாதான்னு சொல்றது தலைவன். நான்.

பயோர் பலகையில உக்காந்து, காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு, எறங்கறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் கேப்பான். "காத்து எப்படி, அடிமையே?"

நான் சொல்வேன், "விஷம். எறங்கிச் சாவு. உன் தலையை நாய்த்தலையோட சேத்து வித்துடறேன்."

அவன், "சரி, நல்ல வெலைக்கு வித்துடு"ம்பான். எறங்கிடுவான். இது எங்க பேச்சு. ஒவ்வொரு கெணத்துலயும் இதுதான். காத்து நல்லா இல்லைன்னா நான் கேலி பண்ண மாட்டேன், "இரு"ன்னு ஒரே வார்த்தை சொல்வேன். அவன் இருப்பான். அவ்வளவுதான் எங்களுக்குள்ள ஏற்பாடு. பேசிவெச்சது இல்லை, தானா வந்தது.

எங்க ஊருக்கு முந்தின அந்தக் கெணத்துல அன்னிக்குக் காலையிலயே பம்பு ஓடுச்சு. நிறுத்தி மேலே எடுத்ததும், பெட்ரோல் தீந்துடுச்சு, மூணு சக்கர வண்டியை எடுத்துக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டு வான்னு அனாபோவை அனுப்பினேன். பெட்ரோல் நெஜமாவே கொஞ்சம்தான் இருந்துச்சு. லாமிசி வளைய அச்சைக் கழுவ அந்தப் பக்கம் குட்டைக்குப் போயிட்டா. பயோரை யாரோ பொம்பளைங்க கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுக்கறதுக்காகக் கூப்பிட்டிருந்தாங்க. அவன் தூக்கினா புள்ளைக்கு நல்லதுன்னு அந்த ஊர்ல ஒரு பேச்சு. நான் மட்டும் கெணத்துகிட்ட உக்காந்திருந்தேன். வேப்பங்கொத்து என் பக்கத்துலயே கெடந்துச்சு. நான் அதைத் தொடலை.

நான் எதையும் மறைக்கலை சார். கொத்து அங்கேயேதான் கெடந்துச்சு, எல்லா நாளும் வேலை முடிஞ்சப்புறம் கெடக்கற மாதிரி. குனிஞ்சு பாத்திருந்தா எலையில கெணத்துச் சேறு படலைன்னு தெரிஞ்சிருக்கும். அவன் பாக்கலை. குழந்தை அவன் சட்டையில மூத்திரம் பேஞ்சிருந்துச்சு, அதைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே வந்தான். "பாரு, எஜமானுக்கு அபிஷேகம்"னான். சட்டையைக் கழட்டி என் தோள்ல போட்டான். பலகையில உக்காந்தான். காலைத் தொங்கப்போட்டான்.

"காத்து எப்படி, அடிமையே?"

"விஷம்"னேன். "எறங்கிச் சாவு."

"தலை?"

"வித்துடறேன்."

"நல்ல வெலைக்கு."

உருளையைச் சுத்தி எறக்கினது நான்தான். இதையும் எழுதிக்கோங்க. ஆனா அவன் கேட்டான், நான் உள்ளதைத்தான் சொன்னேன். அத்தனை கெணத்துல அவனுக்கு நான் சொன்ன பதில்ல, அன்னிக்கு ஒரு நாள்தான் முழு உண்மை.

அடியில போய்ப் பலகையை விட்டு எறங்கினான். கயிறு லேசாச்சு. மண்வெட்டிச் சத்தம் வந்துச்சு. விசில் ஆரம்பிச்சான். ஒரு பாட்டோட நடுவுல நின்னுடுச்சு. மீதியை நான் மனசுக்குள்ளயே முடிச்சேன். அப்புறம் வாயில இருந்த கோலாக்கொட்டையை நல்லா மென்னு, சாறெல்லாம் போனப்புறம் துப்பினேன். அதுக்கப்புறம்தான் கூப்பாடு போட்டேன்.

லாமிசி ஓடி வந்தா. ஊரே ஓடி வந்துச்சு. அனாபோவும் அதே நேரத்துக்கு வண்டியோட வந்துட்டான். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, குதிச்சு ஓடி வந்து கயித்தைப் புடிச்சு எறங்கப் பாத்தான். நான் அவன் இடுப்பைக் கட்டிப் புடிச்சுக் கீழே தள்ளினேன். என் கையைக் கடிச்சான், இதோ தழும்பு. நான் விடலை. விட்டிருந்தா அவனும் போயிருப்பான். கெணத்துல ஒருத்தன் விழுந்தா காப்பாத்தப் போறவன்தான் ரெண்டாவது சாவான். அன்னிக்கு ஒரு உயிரை நான் காப்பாத்தினேன் சார். அனாபோவோட அம்மா இன்னிக்கும் என்னைப் பாத்தா கையைப் புடிச்சுக்குவாங்க.

அப்புறம் வேப்பங்கொத்தை எடுத்து நானே ஏத்தி எறக்கினேன், ரொம்ப நேரம், தோள் இத்துப்போற வரைக்கும். ஒழுங்காச் செஞ்சேன். காத்து நல்லானதும் நானே எறங்கி அவனைத் தூக்கிட்டு வந்தேன். அவன் காலடியில தண்ணி கெண்டைக்கால் வரைக்கும் ஊறியிருந்துச்சு. தெளிவான தண்ணி.

அவன் சாவுக்கு அவன் ஊருக்குப் போனோம். தகாபா வழக்கப்படி அவனுக்கு நல்ல சட்டையெல்லாம் போட்டு, பந்தல்ல நாற்காலியில உக்காரவெச்சிருந்தாங்க. மரச்சட்ட வாத்தியம் முழங்குது. கேலி உறவுக்காரன் சாவுல சும்மா நிக்கக்கூடாது. அழறவங்களைச் சிரிக்கவெக்கறது எங்க கடமை. நான் போய் அவன் தொப்பியைப் புடுங்கி என் தலையில வெச்சுக்கிட்டேன். "எழுந்திருடா சோம்பேறி, கெணறு பாதியில கெடக்கு, உன் எஜமான் வந்திருக்கேன்"னு அதட்டினேன். ஜனம் சிரிச்சுது. கன்னத்துல கண்ணீர் வழிய வழியச் சிரிச்சாங்க. அப்ப எனக்கு என்னமோ தோணுச்சு. எல்லாரையும் பாத்துச் சத்தமாச் சொன்னேன். "இவனை நான்தான் கொன்னேன்."

இன்னும் பலமாச் சிரிச்சாங்க. அவன் பொண்டாட்டி போலின் தரையில உக்காந்திருந்தா. தலையைத் தூக்கி, "நீயா கொன்னே? ஒரு கோழியை ஒழுங்கா அறுக்கத் தெரியாது உனக்கு. போடா அடிமை"ன்னா. சொல்லிட்டு அவளும் சிரிச்சா, அன்னிக்கு அவ சிரிச்சது அது ஒரு தடவைதான். சாவுக்கு வந்த கேலிக்காரனுக்குக் கொடுக்கற கோழியை எனக்குக் கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்.

பாருங்க, நான் யாருகிட்டயும் ஒளிக்கலை. முதல் நாளே சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் நான் செஞ்சதெல்லாம் மேடத்துக்குத் தெரியும். செத்த எடத்துக் கெணத்துக்கு மண்ணுப் பூசாரியைக் கூட்டிவந்து பலி கொடுக்கவெச்சுச் சுத்தம் பண்ணினேன், இல்லைன்னா அதை மூடியிருப்பாங்க. அனாபோ வேலையை விடறேன்னான். சோளக் கள்ளு பிட்டோ வாங்கி ஊத்தி, பக்கத்துல உக்காந்து, அவன் பயோரைப் பத்திப் பேசினதையெல்லாம் கேட்டேன். முழுசாக் கேட்டேன். அது லேசான வேலையில்லை. லாமிசிக்கு உருளை சுத்தக் கத்துக்கொடுத்தேன். தோண்ட நானே எறங்கினேன். அந்தக் கெணத்தை முடிச்சேன். கடைசியா எங்க ஊருக்கு வந்தோம்.

எங்க ஊர்ப் பாறை லேசில்லை. கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு. விசில் இல்லை, வேடிக்கை பாக்க ஆளும் இல்லை. ஒரு நாள் கடப்பாரைக்குக் கீழே தரை நனைஞ்சுது. அப்புறம் ஊத்து ஒண்ணு குபுகுபுன்னு வந்துச்சு. பலகையில உக்காந்து மேலே வந்தேன். எங்க ஊர் மொத்தமும் நின்னுச்சு. என் அண்ணன் தம்பிங்க, எங்க ஊர்த் தலைவர், எல்லாரும். உடம்பெல்லாம் சேறோட நான் நின்னேன். ஊர்ப் பெரிய பொம்பளை அந்தக் குடுவையை அசிபி கையில கொடுத்து, "உன் புருஷன்தானே, நீயே கொடு"ன்னாங்க. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என் எதிரே வந்தா. நான் கையை நீட்டினேன்.

அசிபி என்னைப் பாத்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. குனிஞ்சு, குடுவைத் தண்ணி முழுசையும் மண்ணுல ஊத்தினா. "முதல் தண்ணி பயோர் அண்ணனுக்கு. அவரு வரவேண்டிய கெணறு இது"ன்னா.

குலவை போட்டாங்க சார். என் ஊர்ல, நான் தோண்டின கெணத்துக்கு, அந்த மாதிரிக் குலவையை நான் எந்த ஊர்லயும் கேட்டதில்லை. அனாபோ விசிலடிச்சான். எனக்கு ரெண்டாவது குடுவை வந்துச்சு. குடிச்சேன். நல்ல தண்ணிதான். இப்ப அந்தக் கெணத்துக்குப் பயோர் கெணறுன்னு பேர். அவன் ஒரு நாள்கூட அங்கே கால் வெச்சதில்லை.

அதனாலதான் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்க அனாபோவைக் கூப்பிட்டுக் கேட்டீங்க. அவன், "இவங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தான் சார், செத்தும் கேலி விடலை"ன்னு சொல்லிட்டு அழுதான். நீங்க பேனாவைக் கீழே வெச்சுட்டீங்க. என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்றீங்க. துக்கத்துல மனசு கலங்கிடுச்சுன்னு நெனைக்கிறீங்க.

மனசு கலங்கலை. அந்தப் பேனாவை எடுங்க. ஊர்ல நீங்கதான் போய்ச் சொல்லணும். நான் சொன்னா சிரிப்பாங்க, சிரிச்சு முடிச்சதும் அவன் எவ்வளவு நல்லவன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. காத்து கெட்டுக் கெடந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எறக்கினேன். அவனை நான் கொன்னேன். அவன் மேல எனக்குப் பொறாமைன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது உண்மையில்லை. நான் குழுவுக்காகச் செஞ்சேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேஸ் எழுதும்போது என் பேரை மேலே எழுதுங்க சார். அவன் பேர் அதுக்குக் கீழே வரட்டும்.